இரும்புக்கால் நடந்த நாற்பத்தொரு நாட்கள் குறித்து

யாரும் மிரட்டாமல், யாரும் ஆசை காட்டாமல், என் கைப்பட எழுதித் தருவது. ஏட்டையாதான் எழுத ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் விரல் சுளுக்கிக்கொண்டதால் பேனாவை என்னிடம் கொடுத்து, "நீங்களே எழுதுங்க, ஆனா நடந்தத மட்டும் எழுதுங்க" என்றார். அதன்படி முதலிலிருந்து நானே எழுதுகிறேன்.

புகார் கொடுத்த அம்மா தன் பெயரும் வீட்டு எண்ணும் எந்தத் தாளிலும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால், எல்லோருடைய பெயர்களும் தனித்தாளில் எழுதி உறையிட்டு ஒட்டப்பட்டுள்ளன. என்னை எல்லோரும் ஃப்ரேம் மாமா என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. பார்ப்பவர்கள் நாற்பத்தைந்து என்பார்கள். படிப்பு எட்டாவது, ஒன்பதாவதிலும் பாதி. தொழில், கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடுவது. முப்பத்தொரு வருடமாக ஒரே கடை. மூன்று நீதிபதிகளின் படங்களுக்கு நான்தான் சட்டம் போட்டேன். என் கண்ணளவைப் பார்த்து அளவுகோலே வெட்கப்படும். எடையை யாரும் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை.

ஆய்வாளர் இதுவரை வாசித்துவிட்டு விஷயத்துக்கு வரச் சொன்னார். வருகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். அதன் பிறகு ஏரிக்கரைப் பூங்காவில் காலையில் நடக்கும் குழுவில் சேர்ந்தேன். குழுவில் என்னோடு இருபத்துமூன்று பேர். எல்லோரும் போனில் ஒரே நடைச் செயலியைப் போட்டிருக்கிறார்கள். யார் எத்தனை அடி நடந்தார் என்று அது எண்ணி, முதல் இடம் தொடங்கிக் கடைசி இடம் வரை பட்டியல் போடும். முதல் இடத்தில் எப்போதும் பல் டாக்டர். அவர் ஒல்லி, வேகம், கூடவே வாய். முதல் நாளே என்னைப் பார்த்து, "மாமா, உங்க பின்னால வர்ற ஆமை ஹாரன் அடிக்குது, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு கடை மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போனை எடுத்து அந்தச் செயலியை இறக்கினேன். புதுப் போனில் இதையெல்லாம் ஏற்றினால் வேகம் குறையும் என்பது என் கணிப்பு. செயலி வரிசையாகக் கேள்வி கேட்டது. எதற்கு என்ன அழுத்தினேன் என்று ஆய்வாளர் கேட்டதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பட்டியலில் காட்ட ஒரு பெயர் கேட்டது. இரும்புக்கால் என்று கொடுத்தேன். வயது கேட்டது. நாற்பத்துநான்கு என்று கொடுத்தேன். எடை கேட்டது. அறுபத்தெட்டு என்று கொடுத்தேன். போனில் இருக்கும் பெயர்களையும் எண்களையும் பார்க்கலாமா என்றது. இதற்கு மட்டும் நன்றாக யோசித்து வேண்டாம் என்று அழுத்தினேன். காரணம், என் மைத்துனனை அதில் 'தலைவலி' என்று பதிந்து வைத்திருந்தேன். செயலி அவனிடம் போய்ச் சொல்லிவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. அதன் பிறகு நான் இருக்கும் இடத்தை எப்போதும் பார்க்கலாமா, பயன்படுத்தும்போது மட்டும் பார்க்கலாமா, வேண்டாமா என்றது. எப்போதும் என்று அழுத்தினால்தான் பட்டியலில் இடம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. அழுத்தினேன். கடைசியாக, பக்கத்தில் நடக்கிறவர்களின் போனில் என்னைப் புள்ளியாகக் காட்டலாமா என்றது. நாலு பேர் பார்க்கத்தானே நடக்கிறோம் என்று அதற்கும் சரி என்றேன்.

ஆக, என் வயதையும் தொப்பையையும் பூட்டி வைத்துவிட்டு, நான் நிற்கிற இடத்தை ஊருக்கே திறந்துவிட்டேன். இது எனக்கு அப்போது தெரியவில்லை. ஆய்வாளர்தான் சொன்னார்.

முதல் வாரம் நான் இருபத்துமூன்றாம் இடம். காலில் கட்டுப் போட்டிருந்த தபால்காரர் எனக்கு மேலே இருபத்திரண்டில் இருந்தார். அவர் கட்டிலில் படுத்தபடியே என்னைத் தாண்டினார் என்பதைப் பல் டாக்டர் பூங்கா முழுக்கச் சொன்னார்.

என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். மின் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. வீடு வீடாக ஏறி இறங்குவான். ஆறு வருடமாகத் தற்காலிகம், வரும் மாதம் நிரந்தரம் ஆகவேண்டியது. அவன் பை கீழே மாடிப்படிக்கு அடியில் ஆணியில் தொங்கும். அந்தப் பையில் டார்ச் வைக்கும் ஓர் உறை உண்டு. டார்ச் கெட்டுப்போய் இரண்டு வருடம். அவன் தலையில் மாட்டும் விளக்கு வாங்கிக்கொண்டான், உறை சும்மா கிடந்தது. எட்டாம் நாள் காலை அந்த ஆணியையும் பையையும் உறையையும் பார்த்தேன். இப்படி ஒரு யோசனை விஞ்ஞானிகளுக்குக்கூட வராது.

அதன் பிறகு தினமும் காலையில் மைத்துனன் குளிக்கப் போகும்போது பழைய போனை ஒலி அடக்கி அந்த உறைக்குள் வைப்பேன். மாலையில் அவன் பையை மாட்டிவிட்டு மாடி ஏறியதும் எடுத்துக்கொள்வேன். இது அவனுக்குத் தெரியாது. இந்த வாக்குமூலத்தில் முக்கியமான வரி இதுதான் என்று ஆய்வாளர் சொன்னதால் மறுபடியும் எழுதுகிறேன். இது அவனுக்குத் தெரியாது.

முதல் நாளே பதினெட்டாயிரம் அடி. மூன்றாம் நாள் நான் முதல் இடம். பல் டாக்டர் பட்டியலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "மாமா, காலைல என்கூட ஒரு சுத்து சுத்தி பெஞ்சில உக்காந்துடறீங்க. மிச்சத்த எப்ப நடக்கறீங்க?" என்றார். "கடையில நின்னுகிட்டேவா வேல பாக்கறேன்? நடந்துகிட்டே கண்ணாடி வெட்டுறேன்" என்றேன். நம்பினார்கள். நடுவில் மைத்துனன் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தான். பட்டியலில் எனக்குப் பூஜ்யம். மலையேறப் போயிருந்தேன், அங்கே சிக்னல் இல்லை என்று சொன்னேன். எந்த மலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன்.

இப்படி நாற்பத்தொரு நாட்கள். மறுநாள் அலுவலகத்தில் மைத்துனனுக்குப் புது டார்ச் கொடுத்திருக்கிறார்கள். அவன் அதை வைக்க உறையைத் திறந்தால் உள்ளே ஒரு போன். அது கடை இழுப்பறையிலேயே கிடந்த போன் என்பதால் அவன் முன்பு பார்த்ததில்லை. யாரோ ஒரு வீட்டுக்காரர் போன் தவறிப் பைக்குள் விழுந்துவிட்டது என்று நினைத்து, அலுவலகத்திலேயே கண்டெடுத்த பொருள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டான். அன்று மாலை வீட்டில் வந்து, "மாமா, பாவம், யாரோ போனத் தொலைச்சிட்டுத் தவிச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றான். "ஆமாடா மச்சான், பாவம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

போனைக் கேட்டுப் போனால் விஷயம் வெளியே வரும். ஆகவே போகவில்லை. கால் சுளுக்கு, ஓய்வில் இருக்கிறேன் என்று பூங்காவில் சொன்னேன்.

அதன் பிறகு ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கடைக்கு ஓர் அழைப்பு வந்தது. எடுத்ததும் ஒரு கம்பீரமான குரல், "இரும்புக்கால்ங்கறது நீங்கதானா?" என்றது. நான் பத்திரிகைக்காரர் என்று நினைத்தேன். முதல் இடத்துக்கு ஏதோ பரிசு என்றும் நினைத்தேன். "நானேதான்" என்றேன். "அந்த நாற்பத்தொரு நாளும் நீங்களேதான் நடந்தீங்களா? வேற யாரும் போன எடுத்துட்டுப் போகலையே?" என்றது. "ஒவ்வொரு அடியும் என் சொந்தக் கால்" என்றேன். கடையிலிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "ரொம்ப நல்லது, அப்படியே ஸ்டேஷனுக்கு நடந்து வாங்க" என்றது அந்தக் குரல். அது ஆய்வாளருடையது.

அந்தப் பழைய போனின் சிம் என் கடைப் பெயரில் இருந்ததை வைத்துத்தான் என்னைப் பிடித்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் ஆய்வாளர் ஒரு படத்தை மேசை மேல் வைத்தார். தெருக்களின் படம். அதில் ஒரு வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு புள்ளி. பக்கத்தில், இரும்புக்கால், 44, 68 கிலோ என்று எழுதியிருந்தது. அந்த நாற்பத்தொரு நாளில் ஆறாம் நாள் பதினொரு நிமிடம், முப்பத்தேழாம் நாள் பதினான்கு நிமிடம் அந்தப் புள்ளி அங்கேயே நின்றிருக்கிறது. அந்த வீட்டில் ஓர் அம்மா தன் சிறு மகளோடு தனியாக இருக்கிறார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதைத் தட்டச்சு செய்வது அவர் வேலை. பக்கச் சந்தில் யார் வந்தாலும் கேட்காது. அவரும் அதே செயலியைப் போட்டு மொட்டை மாடியில் நடப்பவர். பக்கத்தில் நடப்பவர்கள் என்று அது காட்டிய இடத்தில் என் புள்ளியைப் பார்த்திருக்கிறார். தன் சுவருக்குப் பின்னால்.

புள்ளி கடைசியாகப் போய் நின்ற மின் அலுவலகத்தில் விசாரித்ததில், அந்த இரண்டு நாளும் அங்கே மீட்டர் பார்த்தது தான்தான் என்று என் மைத்துனன் சொல்லியிருக்கிறான். அந்தத் தெருவில் நிழல் இருப்பது அந்தச் சந்தில் மட்டும்தான், படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன் என்றும் சொல்லியிருக்கிறான். கணக்கெடுக்கப் போகிறவர்கள் சொந்தப் போனை வீடுகளுக்குள் கொண்டுபோகக் கூடாது, அலுவலகம் கொடுக்கும் கருவி மட்டும்தான் என்று விதி. உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பொய்ப் பெயரில் ஒரு போனை வைத்துக்கொண்டு பெண்கள் வீட்டுப் பின்னால் நின்றான் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். நானோ எல்லா அடியும் என் கால் என்று சொல்லிவிட்டேன். ஆக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம் என்று வழக்கு நின்றது.

அதன் பிறகு ஆய்வாளர் இன்னொரு புகைப்படத்தைக் காட்டினார். அந்த அம்மா தன் பின்வாசல் கதவுக்கு முன்னால் அலமாரியைத் தள்ளி வைத்திருக்கிறார். அலமாரியின் ஆள் உயரக் கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து குறுக்கே ஒரு கீறல். தனியாக இழுத்தால் அப்படித்தான் கீறும். ஒரு பக்கம் தூக்கி மறு பக்கம் தரையில் உரசினால் சட்டம் முறுக்கும், முறுக்கினால் கண்ணாடி மூலையில் விரிசல் விடும். இரண்டு பேர் பிடித்திருந்தால் விட்டிருக்காது. இதை நான் ஆய்வாளரிடம் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டேன்.

ஆய்வாளர் எனக்கு மூன்று நாள் கொடுத்தார். "இத்தனை கேள்விக்கும் எதை வச்சு சரி, வேணாம்னு அழுத்துனீங்க? யோசிச்சுட்டு வந்து உண்மையச் சொல்லுங்க" என்றார். எனக்கே அது புதிராக இருந்தது. அதனால் அந்த மூன்று நாளும் மற்றவர்கள் எதை வைத்து அழுத்துகிறார்கள் என்று விசாரித்தேன். இதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

முதலில் என் மனைவி. "யாரு எதக் கேட்டாலும் நான் மொதல்ல வேணாம்னுதான் அழுத்துவேன். நெஜமா வேணும்னா மறுபடி கேப்பான்ல?" என்றாள். போனை வாங்கிப் பார்த்தேன். முகத்தை அழகாக்கும் செயலி ஒன்றுக்குப் படங்கள், கேமரா, இடம் எல்லாம் திறந்து கிடந்தது. கேட்டால், "அன்னிக்கு எல்லாரும் சிரிச்ச மூஞ்சியோட ரெடியா நின்னாங்க. அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க?" என்றாள்.

அதன் பிறகு என் மகள். கல்லூரியில் படிக்கிறாள், எந்தச் செயலிக்கும் எதையும் காட்டமாட்டாள். ஆனால் தான் இருக்கும் இடத்தை ஒரு தோழியின் போனில் இரண்டு வருடமாக ஓடவிட்டிருக்கிறாள். "அவ பாத்தா பரவால்லப்பா. அவ எங்க இருக்கான்னு எனக்கும் தெரியுதுல்ல" என்றாள். "அப்பாவுக்கும் காட்டலாமே" என்றேன். "அப்பா, உங்களுக்குத் தெரிஞ்சா பூங்காவுக்கே தெரியும்" என்றாள்.

பல் டாக்டர் நோயாளிகளிடம் நான்கு பக்கப் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்பவர். செயலியில் ஒரு வரி படிக்கவில்லை. "இருபத்தோரு பேர் போட்டிருந்தாங்க, மாமா. இருபத்தோரு பேருமா ஏமாந்திருப்பாங்க?" என்றார். மற்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் அவர் போட்டிருந்ததைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்று புரிந்தது. செயலி என்ன எடுத்துக்கொண்டு போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறார், யார் சிரிப்பார், யாரைக் காக்கவைக்கிறோம் என்றுதான் பார்க்கிறோம். என் கடைக்குப் படம் கொண்டுவருகிறவர்கள், வேறு வாடிக்கையாளர் உள்ளே வந்தால் படத்தைக் குப்புறக் கவிழ்ப்பார்கள். கல்யாணப் படமாக இருந்தாலும் கவிழ்ப்பார்கள். அதே ஆட்கள்தான் போனில் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைக்கிறார்கள். அங்கே கதவைத் திறந்துகொண்டு வருகிற ஆள் தெரிவதில்லை.

மூன்றாம் நாள் மாலை மைத்துனன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பை ஆணியில் இல்லை, அலுவலகம் வாங்கிக்கொண்டது. "மாமா, அந்த போன் எப்படி என் பைக்குள்ள வந்துச்சுன்னு எவ்வளவு யோசிச்சாலும் தெரியல. நான் போன வீடு ஒவ்வொண்ணா யோசிக்கறேன். யார் வீட்டு மேலயும் சந்தேகப்பட மனசு வரல" என்றான். நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப பட்டியல்ல முதல் இடம் நானா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு இன்று காலை ஸ்டேஷனுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். ஏட்டையா நம்பவில்லை. என் பேச்சை ஊரில் யார்தான் முழுசாக நம்புகிறார்கள்? அதனால் இரண்டு சாட்சி சொன்னேன். ஒன்று, மின் அலுவலகத்தின் கண்டெடுத்த பொருள் பதிவேடு. தெரிந்தே போனைச் சுமந்தவன் அதைத் தானே கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பானா? இரண்டாவது, பல் டாக்டரின் வருகைப் பதிவேடு. முப்பத்தேழாம் நாள் அந்தப் புள்ளி அந்தச் சுவருக்குப் பின்னால் நின்ற அதே நேரத்தில், நான் பல் டாக்டர் நாற்காலியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுத்து வாயைப் பிளந்து கிடந்தேன். இரண்டாவது சாட்சியை மட்டும் ரகசியமாக விசாரிக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். ஏட்டையா என் எதிரிலேயே போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். பல் டாக்டர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஆமா சார், இங்கதான் இருந்தாரு. அன்னிக்கு அவர் வாய்தான் ஓடுச்சு, கால் ஓடல. அதுவும் மரத்துப்போன வாய்" என்றார். ஸ்டேஷனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஆய்வாளர் புகார் கொடுத்த அம்மாவை வரவழைத்தார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க வயசு என்ன?" என்றார். சொன்னேன். "அம்பத்தெட்டா?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "நாற்பத்துநாலு வயசு, ஒல்லியான ஆள்னு நான் தெருவுல தேடிக்கிட்டே இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் அந்த வயசு, அந்த உடம்பு. அவர் பொண்ணும் என் பொண்ணும் ஒரே வகுப்பு. ஏழு வாரமா அங்க விளையாடவே விடல" என்றார்.

என் எடையும் வயதும் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்று ஆய்வாளரிடம் அனுமதி வாங்கிக் கேட்டேன். பக்கத்தில் நடப்பவர்களைக் காட்டும் அந்தக் கேள்விக்கு நீங்கள் ஏன் சரி என்று அழுத்தினீர்கள் என்றேன். "தனியா நடக்கப் பயமா இருந்துச்சு. பக்கத்துல யாராவது நடக்கறாங்கன்னு தெரிஞ்சா தைரியமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அலமாரிக்குப் புதுக் கண்ணாடி நானே வெட்டி, வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்றேன். கீறலை வைத்துப் பார்த்தால் ஐந்தடிக்கு ஒன்றரை என்றும் கண்ணளவில் சொன்னேன். அவர் யோசித்தார். "கண்ணாடி குடுங்க. வீட்டுக்கு வேணாம். அளவெடுத்து நானே எழுதி அனுப்பறேன், இங்கயே வச்சுட்டுப் போங்க. மாட்டறதுக்கு எதிர்வீட்டுக்காரரக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை, கீழே பொடி எழுத்தும் இல்லை. முழுசாகக் கேட்டுவிட்டு ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை நான் முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன். சரி அம்மா என்றேன்.

கடைக்கு வந்த எந்தப் படத்தையும் முப்பத்தொரு வருடமாக நான் மேசை மேல் நிமிர்த்தி வைத்ததில்லை. இந்த அம்மாவின் பின்வாசலை நாற்பத்தொரு நாள் நிமிர்த்தி வைத்திருந்தேன்.

இந்த வாக்குமூலத்தின் ஒரு நகல் இன்றே மின் அலுவலகத்துக்குப் போகும், மைத்துனனின் பை அதைப் பொறுத்துத்தான் ஆணிக்குத் திரும்பும் என்று ஆய்வாளர் சொன்னார். ஒரு வரி பொய் என்று தெரிந்தாலும் மற்ற வரிகளையும் அங்கே நம்பமாட்டார்கள் என்றார். ஆகவே முதலிலிருந்து வாசித்துக் கீழ்க்கண்டவாறு திருத்துகிறேன். மூன்று நீதிபதிகள் என்றது ஒரு நீதிபதி, அவரும் ஓய்வு பெற்றவர். பார்ப்பவர்கள் நாற்பத்தைந்து என்பார்கள் என்று எழுதியதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. தபால்காரர் கட்டிலில் படுத்திருக்கவில்லை, ஊன்றுகோலோடு என்னைவிட அதிகம் நடந்தார். அலமாரிக் கண்ணாடியின் அளவு எனக்குத் தெரியாது, அந்த அம்மா எழுதி அனுப்பினால்தான் தெரியும். நான் மலை ஏறியதில்லை.

இவை போக மேலே உள்ளது அனைத்தும் நடந்தது நடந்தபடி. ஏட்டையா உரக்க வாசிக்கக் கேட்டு, அடித்த இடங்களில் சிறு கையொப்பமும் இங்கே முழுக் கையொப்பமும் இடுகிறேன். எடையை இன்னும் யாரும் கேட்கவில்லை. எண்பத்திரண்டு கிலோ.

(கையொப்பம்)